படத்தில் விழாத கரிச்சான்

ஜூன் 1, ஞாயிறு

கேமரா வந்துவிட்டது. ஃபெரோஸ் வைத்திருந்தது, செகண்ட் ஹேண்ட். கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். ஃபெரோஸ் எங்கள் ஃபவுண்டரியில் மெஷின் ஷாப்பில் இருக்கிறான், நான் குவாலிட்டியில். அவன் பெரிய கேமராவுக்குப் போகிறான், பழசை என் தலையில் கட்டிவிட்டான். அதை அவனிடமே சொன்னேன். "பொண்ணு குடுக்கற மாதிரி குடுக்கறேன்டா மாப்ள, கண்கலங்காம வெச்சுக்க" என்றான்.

இந்த டைரி மனசில் இருப்பதைக் கொட்ட அல்ல. எந்த செட்டிங்கில் என்ன வந்தது என்று குறித்து வைக்க. குறிக்காமல் செய்தால் அது விளையாட்டு.

காட்டுக்கெல்லாம் போகப் போவதில்லை. வீட்டைச் சுற்றியே நிறைய இருக்கிறது. கோவில்பாளையம் தாண்டி இந்த லேஅவுட்டில் பாதி சைட் காலி. பக்கத்து சைட்டில் யாரோ அஸ்திவாரம் தோண்டி அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் குழியின் மண்சுவரில் ஒரு பொந்து. பஞ்சுருட்டான் ஜோடி ஒன்று உள்ளே போய் வருகிறது. பச்சை உடம்பு, தொண்டையில் நீலம், வாலில் ஊசி மாதிரி ஒரு நீட்டல். பூரணி அதைக் கிளி என்றாள். இல்லை, மூக்கைப் பார் என்றேன். "பச்சையா இருந்தா கிளிதானுங் மாமா" என்றாள், வேண்டுமென்றே. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. நான் எதில் கடுப்பாவேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 4, புதன்

எடுத்தது எல்லாம் குப்பை. பறவை பறக்கும்போது பச்சைத் தீற்றல்தான் வருகிறது. ஷட்டர் வேகம் போதவில்லை. வேகத்தைக் கூட்டினால் இருட்டு. வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் முழுக்க மணல் தூவின மாதிரி. மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வெயில் நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல யூட்யூபில் ஒருத்தன் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான்.

சிலிண்டர் புக் பண்ணியாச்சு. தண்ணீர் மோட்டாரில் ஏதோ சத்தம்.

ஜூன் 8, ஞாயிறு

செடிகளுக்குப் போடும் பச்சை வலையை நாலு குச்சியில் கட்டி, குழிக்கு எதிரே ஒளிந்து உட்கார்ந்தேன். காலை ஏழு மணி வெயில். கொஞ்ச நேரத்தில் அதுகளுக்கு நான் இருப்பதே மறந்துவிட்டது. ஒன்று தும்பியைப் பிடித்து வந்து கம்பியில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அடித்துக் கொன்றது. பிறகு பொந்துக்குள் கொண்டுபோனது. உள்ளே குஞ்சு இருக்கிறது.

நல்ல படம் ஒன்று கிடைத்தது. தும்பியின் இறக்கை நரம்பு தெரிகிறது. பூரணி பார்த்துவிட்டு ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. ஸ்கூல் டீச்சர்கள் குரூப்பில் போட அனுப்பச் சொன்னாள்.

வ்யூஃபைண்டரில் தூசி. கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னலில் நூல் மாதிரி ஒன்று மிதக்கிறது. ஊதினேன், துடைத்தேன், போகவில்லை. படத்தில் அது விழவில்லை. ஆகவே சென்சாரில் இல்லை, பிரச்சினை இல்லை. ஆனால் விற்கிறதுக்கு முன்னால் துடைத்திருக்கலாம் ஃபெரோஸ்.

ஜூன் 11, புதன்

வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எல்லாம் மங்கல். பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்க்கிற மாதிரி. லென்சில் பனி பிடித்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் ஈரம் படியும், இது யாருக்கும் தெரிந்த விஷயம். எடுத்த படங்களைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்தேன்.

சாயங்காலம் அதே லென்ஸ், தெளிவாக இருக்கிறது. பனிதான்.

ஜூன் 12, வியாழன்

நேற்று ராத்திரி லென்சைத் துணியில் சுற்றி அரிசி டிரம்மில் வைத்தேன், ஈரத்தை இழுக்கும் என்று. சொல்ல மறந்துவிட்டேன். சோறு வைக்கப் போன பூரணி படி போட்டு அள்ளியபோது இடித்திருக்கிறது. பாம்பு என்று நினைத்து ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டதாம். "அடுத்து என்னத்தைங் மாமா வெப்பீங், உங்களையே உள்ள வெச்சு மூடீர்றனே" என்றாள்.

காலையில் மறுபடி மங்கல். அரிசியும் வேலைக்கு ஆகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முறையாகச் சோதித்தேன். ஸ்டீல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, நடுக்கோட்டில் ஃபோகஸ் பண்ணி எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் நடுக்கோடு கத்தி மாதிரி இருக்கிறது. லென்சில் தப்பில்லை. ஆனால் வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது அதே கோடு கலங்கலாக இருந்தது.

வ்யூஃபைண்டர் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பவருக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ள. நான் கண்ணாடி போடுகிறவன் இல்லை. இருந்தாலும் கொஞ்சம் திருப்பினேன். பரவாயில்லை போல இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இடது கண்ணை மூடி, வலது கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். மேல் ஓரத்தில் கறுப்பாக ஒன்று பறந்தது. கரிச்சான். இந்தப் பக்கம் நிறைய உண்டு, பஞ்சுருட்டான் கொண்டுவரும் பூச்சியைப் பிடுங்க வரும். பொத்தானை அழுத்திப் பிடித்தேன், தொடர்ந்து ஓடியது. கரிச்சான் இறங்கியது, திரும்பியது, மறுபடி இறங்கியது. அது போகிற பக்கமெல்லாம் லென்சைத் திருப்பினேன். திருப்பத் திருப்ப முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே வந்து பார்த்தேன். எல்லாம் வானம். ஒன்றில்கூட கரிச்சான் இல்லை. கை இன்னும் பழகவில்லை.

சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையில் ஒரு சண்டை. நான் செய்வது சாயச் சோதனை. வார்ப்புப் பீஸ் மேல் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் புகுந்த சாயம் மேலே வந்து சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு இருந்தால் பீஸ் ரிஜெக்ட். இன்று வரிசையாக ரிஜெக்ட் பண்ணினேன். வெள்ளைப் பவுடரில் முடி மாதிரி கோடுகள்.

தங்கவேலு சார் எங்கள் மேனேஜர். அவரே பூதக்கண்ணாடியோடு வந்து மறுபடி பார்த்தார். ஒன்றிலும் கோடு இல்லை. பவுடர் சரியாகக் காயாமல் இருந்திருக்கும் என்றேன். கேமரா வாங்கினதிலிருந்து உனக்கு எல்லா இடத்திலும் பூச்சி தெரிகிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 18, புதன்

படுக்கையறைச் சுவரிலும் அந்த நூல். கேமரா கையில் இல்லை. வெயிலில் அதிகம் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

வருஷாந்தர கண் பரிசோதனை. சாயச் சோதனை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம், இதில் தேறாவிட்டால் பீஸில் கையெழுத்துப் போட முடியாது. ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸ் சின்ன எழுத்து அட்டையை நீட்டினார். முதலில் இடது கண்ணால் படித்தேன், கடைசி வரி வரைக்கும். பிறகு இடது கண்ணைக் கையால் மூடி அதே அட்டையை வலது கண்ணால். அதே வரிகள்தானே. வேகமாகச் சொல்லி முடித்தேன். மெதுவாகப் படிங்க தம்பி, யாரும் துரத்தலை என்றார் நர்ஸ்.

பாஸ்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று காலை வலைக்குள் உட்காரவில்லை. மோட்டார் சரிபார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

பூரணி கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூல் சயின்ஸ் கண்காட்சிக்கு ஒரு பறவைப் படம் வேண்டுமாம். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அங்கிருந்தே சிரித்தாள்.

"வெறும் வானத்தைப் போயி இத்தனை எடுத்து வெச்சிருக்கீங்."

அது கரிச்சான், ஃபிரேமை விட்டுப் போய்விட்டது என்றேன். சரி என்றாள். கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபடி கேட்டாள், இந்தத் தடவை சிரிப்பு இல்லாமல்.

"எல்லாத்துலயுமா விட்டுப் போயிருச்சு?"

பறவை சொன்னபடி நிற்குமா என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டியதில்லை. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். வெங்காயம் தாறுமாறாக இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பார்த்தால், ஆமாம், ஒரு பக்கம் மெல்லிசு, ஒரு பக்கம் கட்டை.

வெங்காய எரிச்சலில் யாருக்கும் அப்படித்தான் வரும்.

ஜூன் 24, செவ்வாய்

ஃபெரோஸைக் கேன்டீனில் பிடித்தேன். உன் கேமரா பழுது, வ்யூஃபைண்டருக்குள் ஃபங்கஸ், தெரிந்தே என்னிடம் தள்ளிவிட்டாய் என்றேன். குரலைக் குறைக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் சாப்பாட்டு டப்பாவை மூடினான். என் தங்கச்சி நிக்காஹ்வையே அதில்தான் எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், பழுதென்றால் நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மாப்ள என்று சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

பாத்ரூம் சுவரில் டைல்ஸ் சேருகிற கோடு ஒரு இடத்தில் இல்லை. சிமென்ட் சரியாகப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

போனில் தேடினேன். மூன்று வரி படித்துவிட்டு மூடிவிட்டேன். வந்த பக்கங்களையும் அழித்தேன், பூரணி சில சமயம் என் போனை எடுப்பாள்.

கேமரா பழுதாக இருக்க வேண்டும். இருக்கும். ஞாயிறு தெரிந்துவிடும்.

ஜூன் 29, ஞாயிறு

ஃபெரோஸ் சொன்னபடி காலையிலேயே வந்தான். பூரணி டீ கொடுத்தாள். அண்ணா என்று கூப்பிட்டு பிஸ்கட்டும் வைத்தாள். அவன் அவளோடு மட்டும் பேசினான்.

வலைக்குள் இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்ததும் எடுத்துவிட்டான். ஒன்றுமே தெரியவில்லை என்றான். எனக்கு உயிர் வந்தது. நான் சொன்னேனா இல்லையா என்றேன். அவன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தச் சின்னச் சக்கரத்தில் விரலை வைத்தான். கடைசி வரைக்கும் திருகி வைத்திருக்கிறாயே, இதற்கு மேல் போனால் உடைந்துதான் போகும் என்றான். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பார்த்தான். பிறகு எடுக்க ஆரம்பித்தான்.

அவன் எடுக்க எடுக்க நிறுத்து என்று சொல்லலாமா என்றிருந்தது. பின்னால் இருந்த திரையில் காட்டினான். கம்பி, பறவை, அலகில் வண்டு. வண்டின் கால்கூடத் தெரிந்தது. அதே லென்ஸ். அதே காலை.

"இப்ப நீ பாரு" என்று கேமராவை என்னிடம் கொடுத்தான்.

இடது கண்ணை மூடி வலது கண்ணை வைத்தேன். பால். பாலுக்குள் நூல்கள். நடுவில் கம்பி மாதிரி ஒன்று, அதன் மேல் கறுப்பாக.

"தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"உக்காந்திருக்கு. வாயில தும்பி."

அவன் கேமராவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"மாப்ள, அங்க குருவியே இல்லடா. நான் குடுக்கறப்பவே பறந்துருச்சு."

கிளம்பு என்றேன். அவன் போகவில்லை. கண்ணைக் காட்டு, நாளைக்கே காட்டு, நான் லீவ் போட்டுவிட்டு வருகிறேன் என்றான். தூக்கம் இல்லை, அதுதான் என்றேன். வெளியே வந்தபோது பூரணி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை நான் பார்த்தபோதும் உதறிக்கொண்டிருந்தாள், ஃபெரோஸ் வண்டியைத் திருப்பினபோதும் உதறிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வலதுதான். இடது நன்றாக இருக்கிறது. ஒரு கண் போதும் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதை எழுதும்போது எழுத்து கோணலாக வருகிறது.

ஜூன் 30, திங்கள்

காட்டலாம். இந்த வாரம் ஆடிட் இருக்கிறது. முடிந்ததும் காட்டலாம்.

ஜூலை 1, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பல் துலக்கும்போது வலது கண்ணுக்குள் புகை எழும்பியது. முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. கீழிருந்து மேலே சுருண்டு சுருண்டு வந்தது. தண்ணீரில் மை விட்ட மாதிரி. வலி துளிகூட இல்லை. வலித்திருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தைக் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் கண் சாதாரணமாக இருக்கிறது. சிவப்புகூட இல்லை.

பூரணியிடம் சொல்லவில்லை. பைக்கை எடுத்தேன். தினமும் அவளை ஸ்கூலில் விட்டுவிட்டுத்தான் நான் அரசூரில் ஃபவுண்டரிக்குப் போவேன். ஸ்கூல் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன், பார்த்தேன், வண்டி ஒன்றும் இல்லை, திரும்பினேன்.

பஸ் இருந்தது.

பூரணி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். வண்டி ஆடிக்கொண்டு இடது பக்க மண்ணில் இறங்கி நின்றது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு போனது, காற்று அடித்தது. டிரைவர் ஏதோ கத்தினார். பூரணி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தாள். ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது, அதை எடுக்கப் போகவில்லை.

"இடது கண்ணை மூடுங்."

லேட்டாகிறது என்றேன். அவளே உள்ளங்கையை என் இடது கண் மேல் வைத்தாள். சாக்பீஸ் வாசனை. கை ஜில்லென்று இருந்தது.

"என்ற மூஞ்சி தெரியுதுங்களா மாமா?"

தெரிகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே வெளிச்சமும் இருட்டும் கலந்து ஏதோ அசைந்தது. அவள் இருக்கிற பக்கம் அவள் இல்லை.

"தெரியல" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றோம். பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாங்கண்ணா என்று அவள் சொன்னாள்.

ஜூலை 2, புதன்

நேற்று நேராகக் கண் ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போனோம், வண்டியைத் தொட அவள் விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரியும் வரை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் எல்லோரும் வயசானவர்கள், கண்புரை எடுக்க வந்தவர்கள். யாருக்குத் துணையாக வந்தீர்கள் தம்பி என்று ஒருவர் கேட்டார்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். எப்போதிலிருந்து என்று கேட்டார். போன ஞாயிறு என்றேன். பூரணி என்னைப் பார்த்தாள். ஜூன் ஆரம்பத்திலிருந்து என்று மாற்றிச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல் இருந்தது அதைவிட மோசம்.

கண்ணுக்குள், பின்பக்கம், ஓரத்து ரத்தக் குழாய்கள் வீங்கி ஒழுகுகின்றன. உங்கள் வயசுப் பையன்களுக்குத்தான் நம் ஊரில் இது வருகிறது, ஏன் என்று முழுசாகச் சொல்ல முடியாது, டிபி கிருமி உடம்பில் எங்கேயோ இருந்தால்கூட இப்படித் தூண்டிவிடலாம், அதற்கு டெஸ்ட் எடுக்கணும் என்றார். படுத்து எழுந்தால் ரத்தம் கலங்கி நிற்கும், நடமாட நடமாடக் கீழே தங்கும். அதனால் காலையில் மங்கல், சாயங்காலம் பரவாயில்லை.

அப்போ லென்சில் பனி இல்லை என்றேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பூரணிக்குப் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

வலது கண்ணில் ரத்தம் நிறைய. ஸ்கேனில் விழித்திரை கழன்றுபோகவில்லை. காத்திருந்து பார்க்கணும், கலையாவிட்டால் ஆபரேஷன். இதுவரை சரி. இதுவரை நான் நினைத்துக்கொண்டு வந்ததுதான். பிறகு இடது கண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இதுலயும் ஆரம்பிச்சிருக்கு."

இன்னும் ஒழுகவில்லை. புதுசாகச் சின்னச் சின்னக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, அவைதான் உடையும். உடைவதற்கு முன் லேசரால் சுட்டுவிடணும். வெள்ளிக்கிழமை வாங்க என்றார்.

உட்கார்ந்த இடத்திலேயே ஓட வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது. கண் என்னோடுதான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கவேலு சாருக்குப் போன் பண்ணி, கண் பரிசோதனையில் வலது கண்ணுக்கு மனப்பாடமாக ஒப்பித்தேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நான் கையெழுத்துப் போட்ட பீஸ் எல்லாம் எங்கெங்கே போயிருக்கிறது என்று கேட்டார், குரல் மாறிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கணும் என்றார். பிறகு, நீ முதல்ல கண்ணைப் பாருப்பா என்றார்.

ஜூலை 3, வியாழன்

குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கணும். குடத்தை எடுக்கப் போனேன், பூரணி பிடுங்கிக்கொண்டாள். தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், அடக்கினாலும் ஆகாதோ என்று பயந்து தும்மிவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன், நேராக இருக்கிறதா என்று.

வலைக்குள் போகலாமா என்று கேட்டாள். இடது கண்ணால் பார்க்கலாமே என்றாள். வேண்டாம் என்றேன். இடது கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து, அங்கேயும் ஒரு நூல் மிதந்தால்?

அதை அவளிடம் சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

லேசர். தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டியில் அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் மண்டைக்குள் ஊசி குத்துகிற மாதிரி. வலிப்பதைவிட, அசைந்துவிடுவேனோ என்ற பயம்தான். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த இடத்தில்தான். அதில் பட்டுவிட்டால் போச்சு. நேராகப் பாருங்க, அசையாதீங்க என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவனை அசையாதே என்று சொன்னால் உடம்பில் எது எதெல்லாம் அசைகிறது என்று அப்போதுதான் தெரிகிறது. பூரணியை உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். இத்தனை பெரிய ஆளுக்கா என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன். விட்டார்கள். அவள் பின்னால் நின்று என் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் எல்லாம் ஊதா நிறம். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை, இரண்டு கண்ணிலும். போகப்போகச் சரியாகும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் பூரணியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் இதுதான் என்றால் என்ன செய்வது என்று யோசித்தேன்.

இந்தச் சில நாள்தான் முக்கியம் என்றார் டாக்டர். சுட்ட இடம் ஆறுவதற்குள் அந்தச் சின்னக் குழாய் ஏதாவது உடைந்தால் இடதிலும் புகை எழும்பும். எழும்பினால் உடனே வரணும். பெரும்பாலும் தூங்கி எழும்போதுதான் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

ஃபெரோஸ் வந்தான். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான், ஏதோ பிரசவம் பார்க்க வந்த மாதிரி. கேன்டீனில் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். உரி என்று ஒரு ஆரஞ்சை என் கையில் வைத்தான்.

பஞ்சுருட்டான் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன என்று பூரணி சொன்னாள். ஃபெரோஸ் கேமராவை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். நான் பின்கதவில் நாற்காலி போட்டு, என்ன நடக்கிறது என்று சொல்லு என்றேன். சொல்லத் தெரியாதவன். உக்காந்திருக்கு என்பான். எது, எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "டேய், நீ கேக்கற சத்தத்துலயே எல்லாம் பறந்துரும்" என்றான்.

நானே பார்த்திருக்கலாம். தூரம் அதிகமில்லை, இடது கண்ணால் கம்பி தெரிந்தது. கம்பியில் சின்னச் சின்னதாக ஏதோ வரிசையாக இருந்ததும் தெரிந்தது. அது பறவையா, என் கண்ணில் இருப்பதா என்று அவனிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளத்தான் அத்தனை கேள்வியும். அவன் மூன்று என்றான். நான் எண்ணியதும் மூன்று. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அவன் எடுத்த படங்களை இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறேன், கழுத்து பிடித்துக்கொண்டது. வெளியே வெளிச்சம் வந்துவிட்டது என்று இமைக்குள்ளேயே தெரிந்தது. ஃபேன் சத்தம். மோட்டார் ஓடுகிற சத்தம், ஆள் வந்து சரிசெய்துவிட்டார் போல. பஞ்சுருட்டான்கள் கத்துவதும் கேட்டது. திறந்தால் தெரிந்துவிடும். திறக்காத வரைக்கும் இரண்டில் எதுவும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். வேலைக்குப் போகிற அவசரம் இல்லை, லீவுதான். ஆனால் எவ்வளவு நேரம் ஒருவன் இப்படிக் கிடக்க முடியும்.

வலதைக் கையால் பொத்திக்கொண்டு இடதைத் திறந்தேன்.

மேலே விட்டம். அதில் ஃபேன் கொக்கி. கொக்கியில் துரு. சுவரில் காலண்டர், அதில் தேதி, தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் நல்ல நேரம். படித்தேன். இன்னொரு தடவை படித்தேன், மனப்பாடத்தில் சொல்கிறேனா என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் இருந்த ராகுகாலத்தையும் படித்தேன். புகை இல்லை. நூல் இல்லை.

பூரணி முழித்துத்தான் இருந்தாள். ஒருக்களித்துப் படுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவளும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். "உன் மூக்குல மை" என்றேன். நேற்றுப் பரீட்சைத் தாள் திருத்தியது. விரலை வைத்துத் துடைத்தாள், பிறகு அதே விரலால் கண்ணையும் துடைத்தாள், மை அங்கேயும் ஒட்டியது.

எழுந்து டீ போடப் போனாள்.

நாளைக்குக் காலையிலும் இதேபோலத் திறக்கணும்.